பழைய புத்தகத்தை மூட்டை கட்டிக் கொடுத்தால் போதுமா? எஸ்.ஆர்.ரங்கநாதன் வாழ்க்கை சொல்லும் பதில்

வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் படித்த கதைப் புத்தகங்கள் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. ஏதாவது கிராமத்துப் பள்ளிக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதவர்கள் குறைவு. அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டால் போதும், ரெண்டு நாளில் ஒரு ஆட்டோ நிறையப் புத்தகம் சேர்ந்துவிடும்.

நல்ல மனசுதான். ஆனா, அந்தப் புத்தகங்கள் போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகிறது? பீரோவில் வைத்துப் பூட்டப்படுகிறதா? ரெண்டாம் வகுப்புக் குழந்தை கையில் ஆங்கிலக் கலைக்களஞ்சியம் போய்ச் சேர்கிறதா? யாராவது எடுத்துப் படிக்கிறார்களா?

கிட்டத்தட்ட நூறு வருடங்களுக்கு முன்பே இந்தக் கேள்விகளை எழுப்பி, பதிலைத் தேடுவதிலேயே தன் வாழ்நாளைச் செலவழித்தவர் ஒருவர் இருக்கிறார். சீர்காழியில் பிறந்த கணக்கு வாத்தியார். உலகம் முழுக்க நூலகவியல் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த பெயர். சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன், சுருக்கமாக எஸ்.ஆர்.ரங்கநாதன். யார் இவர், என்ன செய்தார், புத்தகம் கொடுக்க நினைக்கும் நமக்கு அவரிடம் என்ன இருக்கிறது? பார்க்கலாம்.

சீர்காழிப் பையன்

ரங்கநாதன் பிறந்தது 1892 ஆகஸ்ட் மாதம். அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துச் சீர்காழி. பதிவுகளில் இருக்கும் பிறந்த தேதி ஆகஸ்ட் 12. அதனால்தான் இந்தியாவில் அந்த நாள் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். சீர்காழியில் உள்ள சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. அவருக்குத் திக்குவாய் வேறு. பேசுவதற்குத் தடுமாறிய அந்தப் பையன்தான் பின்னாளில் ஊர் ஊராகப் போய் நூலகம் பற்றிப் பேசியவர்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். 1913ல் பி.ஏ., 1916ல் எம்.ஏ. அங்கே பேராசிரியர் எட்வர்ட் ராஸ் அவருக்கு ஆசானாக அமைந்தார். அந்தப் பாசம் கடைசிவரை தொடர்ந்தது. பிறகு சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை என அரசுக் கல்லூரிகளில் கணிதம் சொல்லிக்கொடுத்தார். நூலகத்துக்கும் அவருக்கும் அதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை.

வேண்டாவெறுப்பாக வந்த வேலை

1923ல் மதராஸ் பல்கலைக்கழகம் ஒரு நூலகரைத் தேடியது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். நூலகப் பயிற்சி பெற்றவர் என்று அதில் ஒருவரும் இல்லை. கல்லூரி வாத்தியார் சம்பளம் குறைவு என்பதால் நண்பர்கள் வற்புறுத்தி ரங்கநாதனையும் விண்ணப்பிக்க வைத்தார்கள். நேர்முகத் தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்ததுதான் அவர் செய்த தயாரிப்பு. வேலை கிடைத்தது.

1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். ஆனா, சில நாட்களிலேயே அலுத்துப்போனது. காரணம் எளிமையானது. வகுப்பறையில் எப்போதும் சுற்றி மாணவர்கள் இருப்பார்கள். இங்கே புத்தகங்கள் இருந்தன, ஆள் இல்லை. பழைய வேலைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனார். லண்டன் போய் நூலகப் பயிற்சி எடுத்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் கல்லூரிக்கே வந்துவிடலாம் என்று ஒப்பந்தம் ஆனது.

லண்டனில் கண்ணைத் திறந்த காட்சி

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நூலகவியல் வகுப்பு. அங்கே அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் பெர்விக் சேயர்ஸ். இவர் லண்டனை ஒட்டிய க்ராய்டன் ஊர்ப் பொது நூலகத்தின் தலைமை நூலகர். சேயர்ஸுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. குழந்தைகள் நூலகத்தை எப்படி நடத்துவது என்பதற்கென்றே 1911ல் தனிப் புத்தகம் எழுதியவர் அவர்.

ரங்கநாதன் வகுப்போடு நிற்கவில்லை. இங்கிலாந்து முழுக்க நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே பெரிய படிப்பாளிகள் மட்டும் வரவில்லை. தொழிலாளர்கள், பெண்கள், சின்னப் பிள்ளைகள் எல்லோரும் வந்து புத்தகம் எடுத்துப் போனார்கள். அதே நேரத்தில் இந்தியாவின் நிலை என்ன? 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோதுகூட, நம் நாட்டில் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது.

இந்த வித்தியாசம்தான் அவரை மாற்றியது. 1925ல் ஊர் திரும்பியபோது, கல்லூரிக்குப் போகும் பேச்சையே விட்டுவிட்டார்.

லண்டனில் இன்னொன்றும் நடந்தது. செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சின்னச் சின்ன இரும்புப் பட்டைகள், திருகாணிகள். அதையே மாற்றி மாற்றிப் பூட்டினால் கிரேன், ரயில், பாலம் என எதை வேண்டுமானாலும் செய்யலாம். புத்தகங்களையும் இப்படி வகைப்படுத்தினால் என்ன என்று யோசித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1933ல் வெளியான கோலன் பகுப்பு முறை. ஒரு பொருளைச் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்து, முக்காற்புள்ளி போட்டு இணைக்கும் முறை. உலக நூலகவியலில் அவர் பெயர் நிலைத்ததற்கு இது முக்கியக் காரணம். குழந்தைகள் பொம்மையிலிருந்து வந்த யோசனை என்பதுதான் இதில் அழகு!

பூட்டைத் திறந்தவர்

சென்னை திரும்பியதும் பல்கலைக்கழக நூலகத்தை மாற்ற ஆரம்பித்தார். வாசகர்கள் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. அலமாரிக்குப் பக்கத்திலேயே போய், புத்தகத்தைத் தொட்டு, புரட்டி, தாங்களே எடுத்துக்கொள்ள அனுமதித்தார். திறந்திருக்கும் நேரத்தையும் கூட்டினார். தேடி வருபவருக்கு உதவ ஆட்களை வைத்தார். ஆளில்லாமல் கிடந்த இடத்துக்கு ஆள் வர ஆரம்பித்தது.

புத்தகம் தொலைந்துபோகாதா, கிழிந்துபோகாதா என்ற பயம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ரங்கநாதன் இதற்கு ஐரோப்பாவின் பழைய கதையை எடுத்துக்காட்டுவார். அங்கே ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள். பத்திரமாக இருந்தது, ஆனா எத்தனை பேருக்குப் பயன்பட்டது? நம் பள்ளிகளில் சங்கிலி இல்லை. பீரோ பூட்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

சிதம்பரத்தில் பேசிய ஐந்து விதிகள்

1928 ரங்கநாதனுக்கு மறக்க முடியாத வருடம். அந்த வருடம்தான் மதராஸ் நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. அதே வருடம் மனைவி ருக்மிணி ஒரு விபத்தில் இறந்துபோனார். வருடக் கடைசியில், பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிதம்பரத்தில், ஒரு கல்வி மாநாட்டில் நூலகம் பற்றிப் பேசினார். அங்கேதான் அவருடைய ஐந்து விதிகள் முதன்முறையாக மேடையேறின. முதல் விதிக்கான பொறியைத் தந்தவர் அவருடைய பழைய பேராசிரியர் ராஸ்தான். 1931ல் அது புத்தகமாக வந்தது.

விதிகள் என்றதும் பயப்பட வேண்டாம். நம்ம பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்:

• புத்தகம் இருப்பது பாதுகாத்து வைக்க இல்லை, பயன்படுத்த.

• ஒவ்வொரு மனிதருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும்.

• ஒவ்வொரு புத்தகமும் தனக்கான வாசகரிடம் போய்ச் சேர வேண்டும்.

• வாசிக்க வருபவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது.

• நூலகம் உயிருள்ள ஒன்று. அது வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

படிக்கும்போது, இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று தோன்றலாம். ஆனா இரண்டாவது விதியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வொரு மனிதருக்கும் என்றால் யாரெல்லாம்? ஆணுக்கு மட்டும் இல்லை, பெண்ணுக்கும். நகரத்துக்காரருக்கு மட்டும் இல்லை, கிராமத்துக்காரருக்கும். பார்வை இல்லாதவருக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கும்கூட. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நூலகமே வாசித்துக்காட்ட வேண்டும் என்பதும் அவர் கருத்து. படிப்பே ஒரு சிலருக்குத்தான் என்றிருந்த காலத்தில் இதைச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை.

மன்னார்குடிப் பக்கம் ஓடிய மாட்டு வண்டி

விதி சொல்லியாச்சு. ஆனா, கிராமத்துக்குப் புத்தகம் எப்படிப் போகும்? நூலகக் கட்டடம் இல்லை, பஸ் வசதி இல்லை.

அதற்கு ஒரு விடை 1931ல் மன்னார்குடி பக்கத்து மேலவாசல் கிராமத்திலிருந்து கிளம்பியது. எஸ்.வி.கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர், மாட்டு வண்டி ஒன்றை நடமாடும் நூலகமாக மாற்றினார். அந்த வண்டி புத்தகங்களைச் சுமந்துகொண்டு சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போனது. ரங்கநாதன் முன்னெடுத்த நூலக இயக்கத்தின் கதையைச் சொல்பவர்கள் இந்த வண்டியையும் சேர்த்தே சொல்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது வண்டி போன விதத்தை. புத்தகத்தை ஒரு ஊரில் இறக்கி வைத்துவிட்டு வரும் வண்டி இல்லை அது. புத்தகத்தோடு சுற்றிய வண்டி. வாசகர் தேடி வரும்வரை காத்திருக்காமல், புத்தகமே வாசகரைத் தேடிப் போனது. மூன்றாவது விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கொடையிலிருந்து உரிமைக்கு

சரி, எல்லா ஊருக்கும் ஒரு கனகசபைப் பிள்ளை கிடைப்பாரா? கிடைக்க மாட்டார். நல்ல மனசுக்காரர் இருக்கும் ஊருக்குப் புத்தகம் கிடைக்கும், இல்லாத ஊருக்குக் கிடைக்காது. கொடுத்தவரின் ஆர்வம் குறைந்தால் நூலகமும் படுத்துவிடும்.

ரங்கநாதனுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால், புத்தகம் கிடைப்பது யாரோ ஒருவரின் தயவாக இல்லாமல், சட்டப்படி மக்களின் உரிமையாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். 1930ல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில், மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். மதராஸ் மாகாணத்தில் அதைச் சட்டமாக்கும் முயற்சி 1930களிலேயே தொடங்கியது. நடக்கவில்லை. ஆட்சிகள் மாறின, உலகப் போர் வந்தது. அவர் விடவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1948ல், கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியில் மதராஸ் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் இதுதான். முதல் முயற்சியிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 18 வருடக் காத்திருப்பு.

இந்தச் சட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? நூலக வரியில். சொத்து வரி கட்டும்போது, அதோடு சேர்த்து ஒரு சிறு தொகை நூலகத்துக்கென்று வசூலிக்கப்படும். இன்று தமிழ்நாட்டில் அது ஒரு ரூபாய்க்கு 10 பைசா. மாவட்டம்தோறும் இருக்கும் நூலக ஆணைக்குழுவுக்கு இந்தப் பணம் போய்ச் சேர வேண்டும்.

அதாவது, சொந்த வீடு இருந்து சொத்து வரி கட்டுகிறவர் என்றால், உங்களுக்கே தெரியாமல் நீங்கள் வருடா வருடம் நூலகத்துக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அடுத்த முறை ரசீதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உங்கள் ஊர் நூலகம் திறந்திருக்கிறதா, புதுப் புத்தகம் வருகிறதா என்று கேட்கும் உரிமையும் அந்த ரசீதிலேயே இருக்கிறது.

அவர் கொடுத்தது என்ன?

1945ல் மதராஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆனா ஓயவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே குவிந்து கிடந்த சுமார் ஒரு லட்சம் புத்தகங்களை ரெண்டே வருடங்களில் வகைப்படுத்தினார், அதுவும் கிட்டத்தட்டத் தனி ஆளாக. பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலுக்கு முதுகலை, ஆராய்ச்சிப் படிப்புகளை வளர்த்தார். கொஞ்ச காலம் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இருந்தார். 1957ல் பத்மஸ்ரீ. 1962ல் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் அவர் முன்னின்று தொடங்கியது. 1965ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்ற கௌரவம். நடுவில், 1967ல், கணித மேதை ராமானுஜன் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். உள்ளுக்குள் அந்தக் கணக்கு வாத்தியார் அப்படியேதான் இருந்தார்.

எளிமையாக வாழ்ந்தவர். சேர்த்து வைத்த பணத்தில் ஒரு லட்சம் ரூபாயை மதராஸ் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். 1950களில் ஒரு லட்சம் என்றால் எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பணத்தில் தன் பெயரை வைக்கச் சொல்லவில்லை. தன் இரண்டாவது மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார்.

வாழ்நாள் முழுக்கப் புத்தகத்துக்காக வாழ்ந்தவர், தன் சேமிப்பைப் புத்தகம் வாங்கக் கொடுக்கவில்லை. புத்தகத்தை வாசகரிடம் சேர்க்கத் தெரிந்த மனிதர்களை உருவாக்கக் கொடுத்தார். புத்தகம் இருந்தால் மட்டும் போதாது, நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்பது அவருக்கு 1924லேயே, அந்த ஆளில்லாத நூலகத்திலேயே புரிந்துவிட்டது.

1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

இன்றைய நிலை என்ன?

சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு, அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு நூலகம் கட்டும் வேலை நடந்தது. பெரிய விஷயம்தான். ஆனா, பிறகு அதில் பல நூலகங்கள் பூட்டிக் கிடப்பதாகச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. கட்டடமும் புத்தகமும் ஒரு முறை செலவில் முடிந்துவிடும். தினமும் கதவைத் திறக்கும் ஆளுக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டும். சிக்கல் அங்கேதான்.

நீங்கள் புத்தகம் கொடுக்கப் போகிறீர்களா? இதைக் கவனியுங்கள்

ரங்கநாதனின் ஐந்து விதிகளையும் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்குப் பொருத்திப் பார்த்தால், இப்படி ஒரு பட்டியல் கிடைக்கும்.

1. பூட்டி வைக்கப்படுமா என்று முதலில் கேளுங்கள். புத்தகம் கிழிந்தால் பரவாயில்லை, பிள்ளைகள் கையில் கொடுங்கள் என்று ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நன்கொடைப் புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்குமோ என்ற பயத்திலேயே பல பீரோக்கள் திறக்கப்படுவதில்லை. உங்கள் ஒரு வார்த்தை அந்தப் பூட்டைத் திறக்கும்.

2. உங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள், அங்கே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எத்தனை குழந்தைகள், எந்த வகுப்பு, எந்த மொழியில் தடையில்லாமல் படிப்பார்கள்? எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்குப் பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ரெண்டு வரி இருக்கும் படக்கதைதான் சரி. பழைய போட்டித் தேர்வு கைடுகளும், காலாவதியான பாடப் புத்தகங்களும் அந்தக் குழந்தைக்கு எதற்கு?

3. புத்தகம் குழந்தையின் கண்ணில் பட வேண்டும். முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கினால், எழுத்து சரளமாகப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு அது ஒரு சுவர் மாதிரிதான். அட்டைப்படம் தெரியும்படி ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டாலே போதும். செலவு ஒன்றும் இல்லை.

4. எப்போது படிப்பார்கள் என்பதையும் பேசிவிடுங்கள். மதிய உணவுக்குப் பிறகு அரை மணி நேரம், அல்லது சனிக்கிழமை காலை. வீட்டுக்கு எடுத்துப்போக விட்டால் இன்னும் நல்லது. அந்தப் புத்தகத்தை வீட்டில் தம்பியும் பார்ப்பான், பாட்டியும் கதை கேட்பாள்.

5. ஒரு தடவை நூறு புத்தகம் கொடுப்பதைவிட, வருடத்துக்கு நாலு தடவை இருபத்தைந்து கொடுப்பது மேல். படித்து முடித்த புத்தகங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு அலுத்துவிடும். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு மாற்றிக்கொள்ளவும் ஏற்பாடு செய்யலாம். மேலவாசல் வண்டி செய்த வேலை அதுதான்.

கடைசியாக ஒன்று. கையில் பணம் இருக்கிறது, புத்தகம் இல்லை என்றால், வாரத்துக்கு ரெண்டு நாள் அந்தக் கதவைத் திறந்து குழந்தைகளுக்குக் கதை வாசித்துக்காட்டும் உள்ளூர்ப் பெண்ணுக்கோ இளைஞருக்கோ ஒரு மாதச் சம்பளம் கொடுக்கலாம். ரங்கநாதன் தன் ஒரு லட்சத்தை வைத்துச் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.